நண்பனின் ரேசரை அந்தரங்க இடத்தில் போட்டுவிட்டேன், எச்.ஐ.வி. வருமா?

கச்சான் | மண்டபம்

நேரில் யாரிடமும் கேட்க முடியாத விஷயம், அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் விசைப்படகில் வேலை பார்க்கிறவன். மண்டபத்தில் ஒரே அறையில் மூன்று பேர் இருக்கிறோம். சோப்பு, துண்டு, கைலி, தலைக்கு எண்ணெய் எல்லாம் பொதுதான். பத்து நாளைக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும் அவசரம். என் ரேசர் முனை மழுங்கிக் கிடந்தது. ஜன்னல் திண்டில் இருந்த நண்பனின் மூன்று பிளேடு ரேசரை எடுத்து முகத்துக்குப் போட்டேன். அப்புறம் அதை வைத்தே கீழேயும் சிரைத்தேன். தொடையிடுக்கில் கீறி ரத்தம் வந்தது. தண்ணீர் ஊற்றியதும் எரிந்தது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது.

நான்கு நாள் கழித்து அவன் பையில் தீப்பெட்டி தேடினேன். வெள்ளை டப்பா ஒன்றில் மாத்திரை இருந்தது. என்னடா இது என்று கேட்டேன். அவன் மறைக்கவில்லை. எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரை, இரண்டு வருடமாகச் சாப்பிடுகிறேன் என்றான். அதற்கு மேல் அவன் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை.

அவன் நல்லவன். போன வருடம் வலை இழுக்கும்போது என் சட்டைக் கை வின்ச்சில் மாட்டியது. பாய்ந்து வந்து நிறுத்தியவன் அவன்தான். அப்படிப்பட்டவன் குடித்த டம்ளரைப் பார்த்தாலே இப்போது எனக்குக் கை பின்னால் போகிறது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ரேசரில் காய்ந்த ரத்தம் ஒட்டியிருந்தால் எனக்கு வருமா? ஜட்டி, துண்டு மாற்றிப் போட்டிருக்கிறோம், அதில்? வீட்டில் மனைவியும் ஐந்து மாதக் கைக்குழந்தையும் இருக்கிறார்கள். தடைக்காலம், கடலுக்கும் போக வழியில்லை. ஊருக்குப் போகவும் பயமாக இருக்கிறது.

கொண்டல் | தங்கச்சிமடம்

தம்பி, முதலில் அறையை மாற்று. அந்தப் பையன் எந்தப் படகில் போகிறான்? கடலில் ஒருவன் கையில் திருக்கை முள் ஏறினால் இன்னொருவன்தான் பிடுங்கிவிடுகிறான். கூட வேலை செய்கிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

மட்டுறுத்துநர்

கொண்டல் அண்ணே, அந்த நண்பர் யார், எந்தப் படகு என்று இங்கே யாரும் கேட்க வேண்டாம். கச்சானும் சொல்ல வேண்டாம். நம்பிக்கையின் பேரில் ஒருவர் சொன்ன எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக்கூடாது. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. 2018 செப்டம்பர் 10 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அந்த நிலையைக் காரணம் காட்டி ஒருவரை வேலையிலிருந்து ஒதுக்குவதும் அந்தச் சட்டத்தின்படி தவறு. இந்த ஊரில் படகுப் பெயரைச் சொன்னால் ஆள் பெயரைச் சொன்ன மாதிரிதான்.

தொண்டி செவிலி

கச்சான் தம்பி, முதலில் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். உங்கள் நண்பர் குடித்த டம்ளரிலேயே குடியுங்கள், ஒன்றும் ஆகாது.

எச்.ஐ.வி. ரத்தம், விந்து, பெண்ணுறுப்புத் திரவம், மலவாய்த் திரவம், தாய்ப்பால் இவற்றில்தான் தொற்றும் அளவுக்கு இருக்கும். எச்சில், வியர்வை, கண்ணீர், சிறுநீரில் அப்படி இல்லை. அதனால் டம்ளர், தட்டு, துண்டு, கைலி, கழிப்பறை எல்லாவற்றையும் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். ஜட்டியும் அப்படித்தான். துணியில் கறையே இருந்தாலும் காய்ந்த துணி இதைக் கடத்தாது. ஒருவர் ஜட்டியை இன்னொருவர் போட்டால் படர்தாமரையும் சொறியும் வரும். அதற்காக மாற்றிப் போடாதீர்கள், எச்.ஐ.வி.க்காக அல்ல.

இப்போது ரேசருக்கு வருகிறேன். இந்த வைரஸ் மனிதனின் வெள்ளணுவுக்குள் புகுந்தால்தான் பெருகும். வெளியே வந்தால் பெருகாது, மெல்லிய கொழுப்பு உறையோடு கிடக்கும். ஈரம் போகப் போக அந்த உறை கெடும். சோப்பு பட்டால் உடனே கரையும். ஆய்வுக்கூடத்தில் மனித ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அடர்த்தியான வைரஸை வைத்துக் காயவிட்டே பார்த்திருக்கிறார்கள். சில மணி நேரத்தில் 90 முதல் 99 விழுக்காடு வரை செயலிழந்தது. உங்கள் ஜன்னல் திண்டில் காற்று பட்டுக் கிடந்த ரேசரில் கண்ணுக்குத் தெரியாத ரத்தத் தீற்றல் இருந்திருக்கலாம் என்றே வைத்துக்கொண்டாலும், அதில் எவ்வளவு மிஞ்சும்? அதையும் தண்ணீரில் அலசித்தான் போட்டிருப்பீர்கள்.

கரையில் ஒதுங்கிய சொறிமீனைப் பார்த்திருப்பீர்கள். காலையில் உருண்டையாகக் கிடக்கும். உச்சிவெயிலில் மணலில் ஒரு கறைதான் மிச்சம். அந்த மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

சலூன்கடை | பாம்பன்

என் தொழில் இது, அதனால் சொல்கிறேன். அப்பா காலத்தில் ஒரே கத்தியைத் தோல்வாரில் தீட்டித் தீட்டி ஊருக்கே சவரம் செய்தார். கத்தியைவிட எனக்கு நினைவில் நிற்பது படிகாரக் கல். கீறல் விழுந்தால் ஈரக் கல்லை அந்த இடத்தில் தேய்ப்பார். ரத்தம் நின்றுவிடும். அதே கல்லை அடுத்த ஆள் கன்னத்திலும் தேய்ப்பார். கல்லின் ஓரம் இளஞ்சிவப்பாகவே இருக்கும். சின்ன வயதில் அதை அழகு என்று நினைத்திருக்கிறேன்.

1990-களில் எயிட்ஸ் பயம் வந்தபோதுதான் பாதிக் கடைகள் பிளேடு மாற்றும் கத்திக்கு மாறின. புது பிளேடைக் காகிதத்தோடு வாடிக்கையாளர் கண் எதிரே இரண்டாக ஒடிக்கிறோம். பாதியைக் கத்தியில் செருகுகிறோம், வேலை முடிந்ததும் டப்பாவில் போடுகிறோம். படிகாரத்தை இப்போது தூளாக வைத்திருக்கிறேன். பஞ்சில் தொட்டு வைப்பேன், பஞ்சு குப்பைக்குப் போகும்.

ராமேஸ்வரத்தில் மொட்டை போடுகிறவர்களும் பிளேடை மாற்றித்தான் போட வேண்டும். கூட்டமான நாளில் அவசரப்படுவார்கள். நின்று பார்த்து, மாற்றச் சொல்லிக் கேளுங்கள். யாரும் கோபப்பட மாட்டார்கள்.

கொண்டல் | தங்கச்சிமடம்

நான் முதலில் எழுதியது தப்பு. மட்டுறுத்துநர் சொன்னது சரி. பயத்தில் எழுதிவிட்டேன், கச்சான் தம்பியும் அவர் நண்பரும் மன்னிக்க வேண்டும்.

ஆனால் செவிலி அக்கா, சொறிமீன் உதாரணம் எங்களிடம் எடுபடாது. காய்ந்து வலையில் ஒட்டிக்கிடக்கிற சொறியைத் தொட்டாலும் அரிக்கும். முப்பது வருடமாக வலை உதறுகிறேன், கண்ணில் பட்டால் நாள் முழுக்க எரியும். அப்படியானால் காய்ந்த ரத்தத்தை எப்படி நம்புவது?

தொண்டி செவிலி

அண்ணே, நீங்கள் சொல்வதுதான் சரி. என் உதாரணம் எச்.ஐ.வி.க்குப் பொருந்தவில்லை. ஆனால் காய்ந்தும் கடிக்கிற சொறி மாதிரி ஒரு நோய் நிஜமாகவே இருக்கிறது. அதுதான் ஹெபடைடிஸ் பி, கல்லீரலைத் தாக்கும் மஞ்சள் காமாலை வகை. அந்த வைரஸ் காய்ந்த ரத்தத்தில் குறைந்தது 7 நாள் தொற்றும் நிலையில் இருக்கும். ரேசர், பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி இவற்றைப் பகிராதீர்கள் என்று நாங்கள் தொண்டை வறளச் சொல்வது முக்கியமாக அதற்காகத்தான்.

வித்தியாசம் எவ்வளவு என்று கேட்டால், மருத்துவமனையில் எங்களுக்கு நேரும் விபத்தை வைத்துச் சொல்கிறேன். எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்திவிட்டால், மருந்து எடுக்காவிட்டாலும் தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய 1000-க்கு 3. ஹெபடைடிஸ் பி-யில், தடுப்பூசி போடாதவருக்கு 100-க்கு 6 முதல் 30 வரை. அதுவும் ரத்தம் நிறைந்த ஊசி சதைக்குள் இறங்கும்போது உள்ள கணக்கு. தோலின் மேல் ஓடிய ரேசர் அதற்குப் பக்கத்திலேயே வராது.

கச்சான், நீங்கள் பயப்பட்ட நோய் ரேசரில் வரவில்லை. பயப்படாத நோய்க்கு ஒரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தேசிய கல்லீரல் அழற்சித் திட்டம் 2018-இல் வந்தது, அதில் இந்தப் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். நெகட்டிவ் என்றால் தடுப்பூசி போடுங்கள். இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. உங்கள் குழந்தைக்குப் பிறந்தபோதே போட்டிருப்பார்கள், அட்டையைப் பாருங்கள்.

திருக்கை முள், தூண்டில் கொக்கி விஷயமும் இதே கணக்குத்தான் அண்ணே. பிடுங்கிவிடுகிறவர் கையில் புண் இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. புண் இருந்தால் ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில் சுற்றிக்கொண்டு பிடுங்கட்டும். யாருக்கு என்ன நோய் என்று தெரியாமலே எல்லோருக்கும் அப்படிச் செய்வதுதான் முறை.

மரிக்கொழுந்து | சின்னப்பாலம்

நாங்கள் பாசி எடுக்கிறவர்கள். பாறையில் விரல் கிழியாத நாள் இல்லை. விரல்களில் துணிக் கிழிசல் சுற்றி, மேலே கையுறை மாட்டுகிறோம். சில நாள் ஒருத்தி துணியை இன்னொருத்தி சுற்றுவாள். அவசரத்துக்கு மாதவிலக்குத் துணியும் துவைத்துக் கொடுத்து வாங்கியிருக்கிறோம். வெளியே சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். இதில் ஏதாவது வருமா?

தொண்டி செவிலி

அக்கா, துவைத்துக் காய்ந்த துணியில் எச்.ஐ.வி. வராது. தைரியமாக இருங்கள். விரல் துணியை மாற்றிச் சுற்றினால் புண்ணில் சீழ் வைக்கும், அதற்காகத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மாதவிலக்குத் துணியைச் சோப்புப் போட்டு வெயிலில் உலர்த்துங்கள். வெட்கப்பட்டு இருட்டு மூலையில் போடாதீர்கள், ஈரம் காயாத துணிதான் அரிப்பும் புண்ணும் கொடுக்கிறது. அவரவருக்கு அவரவர் துணி இருப்பது நல்லது.

பெயர் வேண்டாம்

இழை இவ்வளவு மரியாதையாகப் போவதால் கேட்கிறேன். நானும் என் துணைவரும் தாம்பத்தியத்தில் ஒரு கருவி பயன்படுத்துகிறோம். ஒருவர் பயன்படுத்தியதும் அடுத்தவர் பயன்படுத்துவோம். அவர் வெளிநாட்டில் வேலை செய்துவிட்டு வந்தவர். இரண்டு பேரும் இதுவரை பரிசோதனை செய்யவில்லை. காய்ந்த பொருள் சரி, ஆனால் இது காய்வதற்கு நேரமே இல்லையே?

ஆலோசகர் | உச்சிப்புளி

அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை இடமான நம்பிக்கை மையத்தில் பல வருடம் ஆலோசகராக இருந்தேன். இந்தக் கேள்வியை அந்த அறைக்குள்கூட மிகச் சிலர்தான் நேராகக் கேட்டிருக்கிறார்கள். கேட்டதற்கு நன்றி.

இடத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். பொருள் எதுவானாலும் இரண்டு விஷயம்தான் பார்க்க வேண்டும்: ஈரம் இருக்கிறதா, உள்ளே போக வழி இருக்கிறதா. ரேசரில் ஈரம் இல்லை. நீங்கள் சொல்லும் கருவியில் ஈரம் இருக்கிறது, போய்ச் சேரும் இடமும் மென்சவ்வு. அதனால் தத்துவப்படி தொற்ற முடியும். ஆனால் நடைமுறையில் மிக அரிது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தன் அட்டவணையில் கருவியைப் பகிர்வதை எண் கொடுக்க முடியாத அளவுக்குச் சொற்பம் என்ற வரிசையில், கடிப்பது, துப்புவது இவற்றோடு சேர்த்து வைத்திருக்கிறது.

அதே அட்டவணையில் எண் உள்ளவற்றையும் பாருங்கள். எதிரில் இருப்பவருக்கு எச்.ஐ.வி. இருந்து, மருந்தும் ஆணுறையும் இல்லாத நிலையில் 10,000 முறைக்குக் கணக்கு இது. பெண்ணுறுப்பு வழி உறவில் பெண்ணுக்கு 8, ஆணுக்கு 4. மலவாய் வழி உறவில் வாங்குபவருக்கு 138. ஊசி பகிர்ந்து போதை மருந்து ஏற்றினால் 63. ஊசி ஏன் இவ்வளவு என்றால், அதன் குழலுக்குள் ரத்தம் காற்றுப் படாமல் ஈரமாகவே நிற்கிறது. அங்கே வைரஸ் 42 நாள் வரைகூடத் தாங்கியதுண்டு. பச்சை குத்துகிற ஊசியை அடுத்தவருக்குப் போடக்கூடாது, ஆளுக்கு ஒரு புது ஊசி வேண்டும் என்று சொல்வதும் இதனால்தான். திருவிழாக் கூட்டத்தில் ஒரே ஊசி, ஒரே மைக்கிண்ணம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் கருவிக்கு வழி எளிது. அதன் மேல் ஆணுறை போடுங்கள், கை மாறும்போது ஆணுறையையும் மாற்றுங்கள். பின்வழியில் பயன்படுத்தியதை முன்வழிக்கு அப்படியே கொண்டுபோக வேண்டாம். முடிந்ததும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டுக் கழுவிக் காயவையுங்கள். மோட்டார் இல்லாத முழு சிலிக்கான் என்றால் கொதிநீரில் சில நிமிடம் போடலாம். ரப்பர், ஜெல்லி மாதிரி நுண்துளை உள்ள பொருள் எவ்வளவு கழுவினாலும் முழுதாகச் சுத்தமாகாது, அதற்கு எப்போதும் ஆணுறை. எச்.ஐ.வி.யைவிட மேகவெட்டை, எச்.பி.வி., கிளமிடியா போன்ற பால்வினைத் தொற்றுகள் இந்த வழியில் சுலபமாகக் கை மாறும்.

ஆனால் அம்மா, நீங்கள் இருவரும் கருவியோடு நிறுத்திக்கொள்வதில்லை அல்லவா? தாம்பத்தியமும் இருக்கிறது. அப்படியிருக்க, கருவியை மட்டும் கழுவி என்ன பயன்? இருவரும் சேர்ந்து ஒருநாள் நம்பிக்கை மையம் போய் வாருங்கள்.

இதைக் கச்சான் தம்பிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ரேசர், துண்டு, சலூன், கழிப்பறை என்று கேட்டு வந்த பலர், கதவைச் சாத்திய பிறகு, தண்ணீர் குடித்த பிறகு, வேறு ஒன்றைச் சொல்வார்கள். சொல்ல முடிகிற காரணத்தை முதலில் நீட்டுவது மனித இயல்பு. உங்களுக்கும் அப்படி ஏதாவது இருந்தால் இங்கே எழுத வேண்டியதில்லை. 1097-ஐக் கூப்பிடுங்கள். கட்டணம் இல்லை, பெயர் கேட்க மாட்டார்கள்.

பதினான்கு வருடம்

நான் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவன். பதினான்கு வருடமாக மாத்திரை எடுக்கிறேன். என் மனைவிக்கு இல்லை, இரண்டு பிள்ளைகளுக்கும் இல்லை.

எனக்குத் தெரிய வந்த வாரம் வீட்டில் என் டம்ளரின் அடியில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. நகச்சாயம். கலந்துவிடக்கூடாது என்று அம்மா வைத்தது. அம்மா என்னை அப்படி நேசித்தவர், அவர் கையால் வைத்த புள்ளி அது. அந்த டம்ளரில்தான் மூன்று வருடம் குடித்தேன். ஒருநாள் ஆலோசகர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். என் டம்ளரிலேயே தண்ணீர் வாங்கிக் குடித்தார். அவர் போன பிறகு அம்மா சாம்பல் போட்டு அந்தப் புள்ளியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். முழுதாகப் போகவில்லை.

கச்சான், உங்கள் நண்பர் மாத்திரையைத் தவறாமல் எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருந்தால், உறவின் வழியாகக்கூட அவரிடமிருந்து யாருக்கும் தொற்றாது. பார்ட்னர் என்ற ஆய்வில் ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு இல்லாத தம்பதிகளைப் பல வருடம் பின்தொடர்ந்தார்கள். 2016-இல் வந்த முதல் முடிவில் ஆணுறையில்லா உறவுகள் ஏறத்தாழ 58,000, துணையிடமிருந்து தொற்றியது பூஜ்யம். 2019-இல் ஆண் தம்பதிகளிடம் ஏறத்தாழ 76,000, அங்கேயும் பூஜ்யம். ரத்தம், ஊசி விஷயத்தில் இதே அளவு ஆய்வு இல்லை, அதனால் அதைப் பற்றி நான் பேசவில்லை.

அவர் உங்களிடம் மறைக்காமல் சொன்னார் என்றீர்களே. அந்த ஒரு வார்த்தையை வீட்டுக்கு வெளியே சொல்ல எனக்கு ஆறு வருடம் ஆனது.

கச்சான் | மண்டபம்

ஆலோசகர் அக்கா, நீங்கள் எழுதியதை நேற்று ராத்திரி நாலு முறை படித்தேன். இங்கேயே சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவட்டும்.

போன வருடத் தடைக்காலத்தில் கேரளப் பக்கம் படகு வேலைக்குப் போனேன். அங்கே இரண்டு முறை தப்பு நடந்தது. ஆணுறை இல்லை. வந்த பிறகு அதை நினைக்கவே இல்லை, நினைக்காமல் பார்த்துக்கொண்டேன். ரேசர் கையில் கிடைத்ததும் பயம் முழுக்க அதில் போய் ஒட்டிக்கொண்டது. நண்பன் மேல் பழி போட இடம் கிடைத்தது என்றுகூட இப்போது தோன்றுகிறது.

அப்போது மனைவி கர்ப்பமாக இருந்தாள். இப்போது தாய்ப்பால் கொடுக்கிறாள். இந்த 72 மணி நேர மருந்து என்கிறார்களே, அதைச் சாப்பிடலாமா?

ஆலோசகர் | உச்சிப்புளி

தம்பி, சொன்னதற்குப் பெரிய மனது வேண்டும். இனி நேரம் கடத்த வேண்டாம்.

தொற்றாமல் தடுக்கும் அந்த மருந்தை ஆபத்து நடந்த 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். உங்களுக்கு அது பொருந்தாது. உங்களுக்கு வேண்டியது பரிசோதனை. ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் நம்பிக்கை மையம் எது என்று கேளுங்கள். முதலில் பேசுவார்கள், சம்மதம் கேட்டுத்தான் ரத்தம் எடுப்பார்கள். முதல் சோதனையில் எதிர்வினை இல்லை என்றால் நெகட்டிவ். எதிர்வினை இருந்தால் உடனே முடிவு சொல்ல மாட்டார்கள், வேறு வேறு வகையில் இன்னும் இரண்டு சோதனை செய்துதான் உறுதி சொல்வார்கள். தொற்று நடந்து மூன்று மாதம் வரை சோதனையில் தெரியாமல் போகலாம். உங்களுக்கு ஒரு வருடம் ஆகிவிட்டதால் இப்போது வருவதே முடிவு.

மனைவிக்குக் கர்ப்ப காலத்தில் சோதனை செய்திருப்பார்கள். ஆனால் அது நீங்கள் கேரளாவிலிருந்து வருவதற்கு முன்பு எடுத்ததாக இருந்தால் அதை நம்பி இருக்க முடியாது. முடிவு வரும் வரை ஆணுறை பயன்படுத்துங்கள். தாய்ப்பாலைத் தானாக நிறுத்தச் சொல்லாதீர்கள். உங்கள் முடிவு எப்படி வந்தாலும் அம்மாவுக்கும் குழந்தைக்கும் செய்ய வழி இருக்கிறது. நாளைக்கே கிளம்புங்கள்.

கொண்டல் | தங்கச்சிமடம்

தம்பி, தனியாகப் போகப் பயமாக இருந்தால் சொல். நான் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். உன் பெயர் கேட்க மாட்டேன்.

கச்சான் | மண்டபம்

அண்ணே, நன்றி. ஆள் கிடைத்துவிட்டது.

அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ரேசரை எடுத்ததிலிருந்து கேரளா வரை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், வா, எனக்கும் வெள்ளிக்கிழமை மாத்திரை நாள் என்றான். இரண்டு பேரும் காலை பஸ்ஸில் போனோம். எந்த வாசல், யாரிடம் கேட்க வேண்டும், எந்தப் பெஞ்சில் காற்று வரும், எல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. நான் உள்ளே போனபோது வெளியே என் செருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

நெகட்டிவ். ஹெபடைடிஸ் பி-யும் இல்லை, முதல் ஊசி போட்டாயிற்று. மனைவியிடம் ஞாயிற்றுக்கிழமை ஊரில் வைத்துப் பேசப் போகிறேன். என்ன சொல்லப் போகிறேன் என்று இன்னும் தெரியவில்லை. ஆலோசகர் அக்கா, அதற்கு முன்னால் உங்களிடம் ஒருமுறை பேச முடியுமா?

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டு கடையில் அவன் இரண்டு ரேசர் வாங்கினான், ஒன்று நீலம், ஒன்று பச்சை. பச்சையை என்னிடம் கொடுத்தான். டீ சொன்னேன். கடைக்காரர் ஒரு கிளாஸைச் சரியாகக் கழுவாமல் வைத்தார். இரண்டு பேரும் ஒரே கிளாஸில் மாற்றி மாற்றிக் குடித்தோம்.

ஆலோசகர் | உச்சிப்புளி

பேசலாம் தம்பி. சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மேல் தனிச்செய்தி அனுப்புங்கள்.